உளியை எங்கே நிறுத்துவது? பீர்பால் சாஹ்னியின் வாழ்க்கைக் கதை

பாறைக்குள் இருக்கும் ஒரு புதைபடிவத்தை எப்படி வெளியே எடுப்பார்கள்? தாவரவியல் படிக்கிறேன் என்று சொன்னதும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. சுத்தியல், உளி, தூரிகை என்று பலரும் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். கருவிகள் அவைதாம். ஆனால், அந்த வேலையில் பாதிக்கு மேல் கருவியைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பதில்தான் போகிறது. படிவத்தைச் சுற்றியுள்ள கல்லில் எவ்வளவை நீக்குவது, எவ்வளவை விட்டுவைப்பது? எடுத்த கல்லைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதால் இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல இயலாது.

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் போராடிய ஒருவரைப் பற்றி இன்று எழுத விரும்புகிறேன். அவர் பெயர் பீர்பால் சாஹ்னி. இந்தியாவில் தொல்தாவரவியல் என்ற துறைக்கு வேர் ஊன்றியவர் அவர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாகிப்போன செடிகொடிகளைப் படிக்கும் துறை அது.

நான் பிறந்து வளர்ந்த பிரிஞ்சாங்கில் புதைபடிவம் கிடைக்காது. கேமரன் மலை தித்திவங்சா மலைத்தொடரின் ஒரு பகுதி. அதன் அடித்தளம் கருங்கல். பூமிக்கு அடியில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து உண்டான கல்லில் இலையும் எலும்பும் எப்படித் தங்கும்? ஆனால், மலையை விட்டு ஈப்போ பக்கம் இறங்கினால் நிலைமை மாறுகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் பழங்காலக் கடலின் அடியில் உருவானவை. நம் பகாங் மாநிலத்தின் உட்பகுதியிலேயே 2012இல் டைனோசர் பல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அந்தச் செய்தியை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் அறிவித்தபோது, கண்டெடுத்த இடத்தை மட்டும் வெளியே சொல்லவில்லை. யாராவது போய்க் கல்லைக் குடைந்துவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம். சுற்றியுள்ள கல்லுக்கு இவ்வளவு மதிப்பு ஏன்?

கவ்வாத்தும் கல்லும்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. என் தாத்தா கவ்வாத்து வெட்டியவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிச் சீராக்க வேண்டும். மேலாக வெட்டினால் செடி உயர்ந்துபோய்க் கொழுந்து கிள்ளக் கை எட்டாது. மிகத் தாழ வெட்டினால் செடி பட்டுப்போகும். எந்த இடத்தில் கத்தி விழ வேண்டும் என்பது பழகிய கைக்குத்தான் தெரியும்.

புதைபடிவத்தைச் செதுக்குபவருக்கும் இதே சிக்கல் உண்டு. ஆனால், ஒரு பெரிய வேறுபாடு. தேயிலைச் செடி மறுபடி துளிர்க்கும். கல் துளிர்க்காது.

படிவத்தைச் சூழ்ந்த கல் வெறும் உறை என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கல்லின் மணல் பெரிதா பொடியா என்று பார்த்தால் அந்தச் செடி விழுந்த இடம் ஓடும் ஆறா, தேங்கிய ஏரியா என்று சொல்லலாம். கல்லில் கலந்திருக்கும் மகரந்தத் துகள்கள் அதன் காலத்தைச் சொல்லக்கூடும். ஓர் இலைக்கு அருகில் எந்த விதை கிடந்தது, எந்தக் கிளை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதெல்லாம் கல் இருந்தால்தான் தெரியும். மேலும், பல படிவங்கள் தாமாக நிற்க வலுவில்லாதவை. கல்தான் அவற்றைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. இலையை அழகாகக் காட்ட வேண்டும் என்று சுற்றிலும் சுரண்டி எடுத்தால், கண்ணுக்கு விருந்தாக இருக்கும்; அறிவுக்குப் பட்டினிதான்.

அதே நேரத்தில், எதையும் தொடாமல் வைத்திருந்தாலும் பயன் இல்லை. கல்லுக்குள் இருப்பது வெளியே வந்தால்தானே அது என்ன என்று தெரியும்? இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சாஹ்னியின் வாழ்க்கை ஓடியது.

பேராவிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை

பீர்பால் சாஹ்னி 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் பஞ்சாபில் உள்ள பேரா என்ற ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் பாகிஸ்தானில் உள்ளது. (நம் பேராக் மாநிலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!) தந்தை ருச்சி ராம் சாஹ்னி லாகூர் அரசுக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். பிள்ளைகளை இமயமலைப் பாதைகளில் நெடுந்தூரம் நடக்க அழைத்துச் செல்வது அவர் வழக்கம். வழியில் கண்ட செடிகளையும் கற்களையும் சேகரிக்கும் பழக்கம் பீர்பாலுக்கு அப்போதே வந்துவிட்டது.

லாகூரில் படிப்பை முடித்ததும் 1911இல் இங்கிலாந்து புறப்பட்டார். மகன் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அந்தக் காலத்தில் இந்தியர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பதவி அது. தந்தை கட்டளையிட்டால் போவதாகவும், தன் விருப்பத்தைக் கேட்டால் தாவரவியல் ஆய்வுதான் வேண்டும் என்றும் மகன் பணிவாகச் சொல்லியிருக்கிறார். தந்தை வழிவிட்டார். படிவம் 6 முடித்துவிட்டு எந்தத் துறையை எடுப்பது என்று வீட்டில் பேச்சுவார்த்தை நடத்தும் நம்மில் பலருக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்து 1914இல் பட்டம் பெற்றார். அங்கே தொல்தாவரவியலில் உலகப் புகழ் பெற்றிருந்த பேராசிரியர் ஏ.சி. சீவர்டு அவருக்கு ஆசான் ஆனார்.

அந்த நாள்களில் சாஹ்னி எழுதிய ஒரு சிறு கட்டுரையை இங்கே குறிப்பிட வேண்டும். 1915இல் வெளிவந்த அக்கட்டுரை கிங்கோ என்ற மரத்தைப் பற்றியது. உயிரோடு இருக்கும் கிங்கோ மரத்தின் சூலுக்குள் அவர் வேறொரு செடியின் மகரந்தத்தைக் கண்டார். காற்றில் வந்து தற்செயலாக உள்ளே நுழைந்தது அது. இதிலிருந்து அவர் ஓர் எச்சரிக்கையை முன்வைத்தார். உயிருள்ள மரத்திலேயே இப்படி நடக்கிறது என்றால், புதைபடிவச் சூல் ஒன்றுக்குள் மகரந்தம் இருப்பதைப் பார்த்ததும் இரண்டும் ஒரே செடியைச் சேர்ந்தவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பதெல்லாம் சொந்தம் ஆகிவிடாது. உள்ளே இருப்பதுகூடச் சில வேளைகளில் விருந்தாளியாக இருக்கலாம். அவருக்கு அப்போது வயது 23 அல்லது 24. இந்த எச்சரிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அது அவரிடமே திரும்பி வந்தது.

இரண்டு வகைக் கற்கள்

1919இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டத்தோடு சாஹ்னி நாடு திரும்பினார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் பிறகு லாகூரிலும் சிறிது காலம் பணியாற்றினார். 1920இல் சாவித்திரி சூரியை மணந்தார். 1921இல் இலக்னோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைக்குத் தலைவரானார். கடைசி வரை இலக்னோதான் அவர் ஊர்.

இந்தியப் பாறைகளில் கிடைத்த தாவரப் படிவங்களை அதற்கு முன் பட்டியலிட்டவர்கள் பெரும்பாலும் நிலவியல் துறையின் ஐரோப்பிய அறிஞர்கள். ஓல்டாம், மாரிஸ் ஆகியோரின் நூல் 1863இல் வந்தது. ஃபைஸ்ட்மாண்டல் அதைத் தொடர்ந்து எழுதினார். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் மேற்பரப்பை. கல்லை உடைத்தால் இலையின் வடிவம் தெரியும். அதை வரைந்து பெயர் வைப்பார்கள். சாஹ்னி அந்தப் பழைய கற்களை எல்லாம் மீண்டும் ஆராயத் தொடங்கினார். சீவர்டோடு சேர்ந்து 1920இல் ஒரு நூல். பிறகு ஊசியிலை மரங்களைப் பற்றித் தனியாக இரண்டு பகுதிகள்.

அந்த இரண்டு பகுதிகளையும் அவர் பிரித்த விதம் நம் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையது. 1928இல் வந்த பகுதி, கல்லில் அச்சாகப் பதிந்த படிவங்களைப் பற்றியது. 1931இல் வந்த பகுதி, உள்ளும் புறமும் கல்லாகவே மாறிய மரங்களைப் பற்றியது. தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கின்றன அல்லவா? அங்கே கிடைத்த ஊசியிலை மரம் ஒன்றும் இந்த இரண்டாம் பகுதியில் இடம்பெற்றது.

அச்சுப் பதிவு என்றால், செய்ய வேண்டியது கல்லைத் திறப்பது. களிமண் பாறையை அதன் படலத்தின் வழியே பிளந்தால் இலை ஒரு பக்கமும் அதன் எதிர்ப்பதிவு மறுபக்கமும் கிடைக்கும். இரண்டையும் பத்திரப்படுத்த வேண்டும். இலையின் ஓரம் கல்லுக்குள் மறைந்திருந்தால் ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டலாம்.

கல்மரம் வேறு கதை. சிலிக்கா கரைந்த நீர் செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து கெட்டியாகி, செல்லின் சுவர் வரை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கும். செடிக்கும் சுற்றியுள்ள கல்லுக்கும் நடுவே எல்லையே இருக்காது. இரண்டும் ஒரே கல். இங்கே உளிக்கு வேலை இல்லை. அறுக்க வேண்டும்.

அறுப்பதன் விலை

அறுப்பது எப்படி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். சுழலும் தகட்டால் கல்லை அறுத்து, ஒரு முகத்தைக் கண்ணாடித் தட்டின் மேல் கார்போரண்டம் தூளும் நீரும் இட்டுத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அந்த முகத்தைக் கனடா பால்சம் என்ற பிசினால் கண்ணாடி வில்லையில் ஒட்ட வேண்டும். பிறகு மறுபக்கத்தை அறுத்து, ஒளி ஊடுருவும் வரை தேய்க்க வேண்டும். பாறைகளைப் படிப்பவர்கள் ஒரு மில்லிமீட்டரின் நூறில் மூன்று பங்கு கனத்துக்குத் தேய்ப்பார்கள். செடிச் சீவல்கள் சில வேளைகளில் இன்னும் சற்றுத் தடிமனாக இருக்கும். அப்போதுதான் நுண்ணோக்கியில் செல்கள் தெரியும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் செல்லும் போய்விடும், செடியும் போய்விடும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. தகட்டின் கனம், தேய்மானம் எல்லாம் சேர்த்து ஒரு சீவலுக்கு இரண்டு மில்லிமீட்டர் கல் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பழம் ஒன்று கல்லாகிக் கிடைத்தால், அதிலிருந்து ஐந்து சீவல்கள்தாம் கிடைக்கும். ஐந்துக்கும் நடுவில் இருந்த பகுதிகள் தூளாகித் தண்ணீரோடு போய்விடும். குறுக்காக அறுப்பதா, நெடுக்காக அறுப்பதா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்று இல்லை.

1928இல் ஜான் வால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு மாற்று வழியை அறிவித்தார். தேய்த்த முகத்தை அமிலத்தால் மெல்லக் கரைத்து, நீட்டி நிற்கும் செல் சுவர்களைச் செல்லுலோஸ் படலத்தில் உரித்தெடுக்கும் முறை. இதில் கல் மிகக் குறைவாகவே செலவாகும். ஆனால், சிலிக்காவைக் கரைக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் எலும்பு வரை புகுந்து கெடுக்கும் கொடிய பொருள். எல்லாக் கல்லுக்கும் இம்முறை ஒத்துவருவதும் இல்லை. ஆகவே, அறுப்பதைத் தவிர்க்க முடியவில்லை.

சாஹ்னியின் மிகப் புகழ் பெற்ற வேலை இந்த வகையில் பிறந்ததுதான். இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மகால் குன்றுகள், 11 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடிய இடம். அந்த அடுக்குகளுக்கு இடையே ஏரிகளும் காடுகளும் இருந்தன. அங்கே கிடைத்த படிவங்களில் தண்டுக்கு ஒரு பெயர், இலைக்கு ஒரு பெயர், பூப்போன்ற உறுப்புக்கு ஒரு பெயர் என்று வைத்திருந்தார்கள். தனித்தனியாகக் கிடைத்தால் தனித்தனிப் பெயர் வைப்பதே இத்துறையின் வழக்கம். சாஹ்னி அவற்றின் உள்ளமைப்பை ஒப்பிட்டு, எல்லாம் ஒரே செடியின் உறுப்புகள் என்று 1932இல் காட்டினார். தம் ஆசானைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு வில்லியம்சோனியா சீவர்டியானா என்று பெயரிட்டார். முழுச் செடியும் எப்படி நின்றிருக்கும் என்று அவர் தந்த படம் இன்றும் தாவரவியல் பாடநூல்களில் இருக்கிறது. ஏறத்தாழ ஆள் உயரத்துக்குத் தடித்த தண்டு, உச்சியில் இலைக் கொத்து.

உறுப்புகள் எங்கே ஒட்டியிருந்தன என்ற தடயம் கல்லில் மிஞ்சியிருந்ததால்தான் அந்தச் செடியை அவரால் மீட்டெடுக்க முடிந்தது. யாராவது முன்பே பூவை மட்டும் அழகாகச் செதுக்கி எடுத்திருந்தால் அந்த ஒட்டு என்றென்றைக்கும் தொலைந்திருக்கும்.

தக்காணப் பீடபூமியின் எரிமலை அடுக்குகளிலும் அவர் இதே வகையில் உழைத்தார். அங்கே கிடைத்த ஒரு கல்பழத்துக்கு எனிக்மோகார்பான் என்று பெயர் வைத்தார். புதிர்ப் பழம் என்று பொருள். 1940இல் சென்னையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது தக்காணத்தின் அந்த எரிமலைக் காலத்தையே தம் உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். அதற்கு முன்பே, 1936இல், இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

ஐந்து ஆப்புகளைக் கொண்ட தண்டு

ராஜ்மகால் குன்றுகளில் நிபானியா என்று ஒரு சிற்றூர். அங்குள்ள கல்லில் செடித் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. சாஹ்னியின் இளம் சக ஆய்வாளர் ஸ்ரீவாஸ்தவா அவற்றை ஆராயத் தொடங்கினார். ஒரு தண்டைக் குறுக்கே அறுத்தபோது உள்ளே ஐந்து மரப்பகுதிகள் வட்டமாக நின்றன. வேறு எந்தச் செடியிலும் காணாத அமைப்பு அது. ஐந்து மரம் என்ற பொருளில் பென்டாக்சிலான் என்று பெயரிட்டு, சாஹ்னியின் பெயரையும் அதோடு சேர்த்தார். ஆனால், ஸ்ரீவாஸ்தவா இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய கட்டுரை அவர் மறைவுக்குப் பின்னரே 1945இல் அச்சேறியது.

விட்ட இடத்திலிருந்து சாஹ்னி தொடர்ந்தார். அந்தத் தண்டுக்கு உரிய இலை எது, விதை எது என்று சீவல் சீவலாகத் தேடி, முற்றிலும் புதிய ஒரு தாவரக் குழுவையே 1948இல் உலகுக்கு அறிவித்தார். துண்டுகள் அனைத்தும் ஒரே கல்லில் கலந்து கிடந்ததுதான் இந்தத் தேடலுக்கு முதல் துப்பு. அதோடு நின்றுவிடாமல், இலைக்காம்பின் உள்ளமைப்பும் தண்டின் உள்ளமைப்பும் பொருந்துகின்றனவா என்று அவர் சரிபார்த்தார். அருகில் கிடப்பதை நம்பாதே என்ற 1915ஆம் ஆண்டுப் பாடம் இங்கே உதவியது.

அதே கண்ணை அவர் வேறு இடத்திலும் செலுத்தினார். 1936இல் ரோத்தக்கில் ஒரு பழைய மண்மேட்டில் உடைந்த களிமண் கட்டிகளைக் கண்டார். பழங்காலத்தில் நாணயம் வார்க்கப் பயன்பட்ட அச்சுகள் அவை. நாணயத்தைத் தேடுபவர்கள் தூக்கி எறியும் சூழ்மண்தான் அது. சாஹ்னிக்கோ அந்த மண்ணே சான்று. நாணயத்தை எப்படி வார்த்தார்கள் என்பதை அதை வைத்து விளக்கி 1945இல் நூல் எழுதினார்.

உப்பு மலையில் சறுக்கல்

பெரியவர்களின் வரலாற்றில் வெற்றியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில் உள்ள உப்புப் படிவுகளின் வயது என்ன என்று 1940களில் பெரும் விவாதம் நடந்தது. அவை மிகப் பழமையானவை, நிலத்தில் செடியே இல்லாத காலத்தவை என்று ஒரு தரப்பு. சாஹ்னி அந்த உப்பையும் அதனோடு இருந்த பாறைகளையும் எடுத்துக் கரைத்துப் பார்த்தார். மரத் துணுக்குகள், பூச்சியின் உடல் துணுக்குகள் கிடைத்தன. ஆகவே, அவை மிகப் பிற்காலத்தவை என்று வாதிட்டார்.

வெளியிலிருந்து தூசு நுழைந்திருக்குமோ என்ற ஐயம் அவருக்கும் தெரியாததல்ல. எளிதில் கசிவு நுழையாத கெட்டிப் பாறைகளையும் தேர்ந்தெடுத்துச் சோதித்தார். ஆனாலும், இன்றைய நிலவியல் அவர் முடிவை ஏற்கவில்லை. அந்தப் படிவுகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை என்பதே இப்போதைய கருத்து. அப்படியானால், அவர் கண்ட துணுக்குகள் பிற்பாடு எப்படியோ உள்ளே வந்து சேர்ந்தவை. கிங்கோ சூலுக்குள் வந்த விருந்தாளி மகரந்தம்போல.

இதுவும் நம் கேள்வியின் இன்னொரு முகம். ஒரு கல்லின் வெளித்தோலை எவ்வளவு ஆழம் நீக்கினால் உள்ளே இருப்பது தூய்மையானது என்று நம்பலாம்? இளம் வயதில் மற்றவர்களை எச்சரித்த அறிஞருக்கே இதற்கு விடை கைகூடவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 1932இல் ராஜ்மகால் கல்மரம் ஒன்றுக்கு ஹோமாக்சிலான் என்று பெயரிட்டு, அது பூக்கும் தாவரத்தோடு உறவுடையதாக இருக்கலாம் என்று சாஹ்னி கருதினார். அவர் மறைந்த பின், அவர் நிறுவிய நிலையத்திலேயே மற்றவர்கள் அந்த வகை மரத்தை மீண்டும் ஆராய்ந்து, உறவு வேறு என்று காட்டினார்கள். புதுப் பெயரும் வைத்தார்கள்: சாஹ்னியாக்சிலான். ஆசானின் கருத்தைத் திருத்திவிட்டு ஆசானின் பெயரையே சூட்டிய அழகு இது. ஆராய்வதற்குக் கல் மிஞ்சியிருந்தால்தான் இத்தகைய திருத்தம் நடக்கும்.

என் மேசையில் ஒரு கல்

இவற்றையெல்லாம் நான் வெறும் வரலாறாகப் படிக்கவில்லை. சென்ற பருவத்தில் பயிற்சிக்காக எனக்கு ஒரு களிமண் பாறைத் துண்டு கிடைத்தது. உள்ளங்கை அளவுதான். மேலே ஓர் இலையின் முக்கால் பாகம் தெரிந்தது. அடிப்பகுதி கல்லுக்குள் போய்விட்டது. அடிப்பகுதி தெரிந்தால்தான் அது தனி இலையா, கூட்டிலையின் ஒரு சிற்றிலையா என்று சொல்ல முடியும். ஆனால், சரியாக அந்த இடத்தின் மேல் வேறொரு மெல்லிய காம்பு குறுக்கே கிடந்தது. அதை அழித்தால்தான் கீழே போக முடியும்.

இரண்டு வாரம் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து ஊசியால் ஓரங்களை மட்டும் தூய்மை செய்தேன். எங்கள் விரிவுரையாளர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. மேலே கிடக்கும் காம்பு எதனுடையது என்று தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது. தெரியாத ஒன்றை அழித்து, தெரிந்துகொள்ள விரும்பும் ஒன்றை எடுப்பதா? கடைசியில் படம் எடுத்து, அளந்து, வரைந்து, கீழே என்ன இருக்கக்கூடும் என்று அட்டையில் எழுதி, ஊசியை வைத்துவிட்டேன். என் அறிக்கையில் இலையின் வகை உறுதியாகவில்லை என்றே எழுதினேன். அந்தக் கல் இப்போதும் இழுப்பறையில் இருக்கிறது. இன்று ஊடுகதிர்ப் படக் கருவிகளால் கல்லை அறுக்காமலேயே உள்ளே பார்க்கும் வசதி வளர்ந்து வருகிறது. என்றாவது ஒருவர் அந்த இரண்டையும் சேர்த்தே படிக்கலாம்.

கல்லுக்கு ஒரு வீடு

விட்டுவைத்த கல்லைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் அல்லவா? இழுப்பறைகள், அட்டைகள், கண்ணாடி வில்லைகள், அவற்றைப் புரிந்துகொள்ளும் ஆள்கள். இவை இல்லாவிட்டால், விட்டுவைத்ததும் வீசி எறிந்ததும் ஒன்றுதான். சாஹ்னியின் கடைசி ஆண்டுகள் இந்த ஏற்பாட்டுக்கே செலவாயின. 1946இல் தொல்தாவரவியலுக்கென ஒரு சங்கத்தையும், அதே ஆண்டு செப்டம்பரில் இலக்னோவில் ஒரு நிலையத்தையும் தொடங்கினார். தாம் சேகரித்த படிவங்களையும் நூல்களையும் அதற்கே தந்துவிட்டார்.

1949ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், நிலையத்தின் புதிய கட்டடத்துக்குப் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். நேருவும் சாஹ்னியும் பிறந்த நாள் ஒன்றே; நேரு இரண்டு ஆண்டுகள் மூத்தவர். அந்த அடிக்கல்லைச் சாஹ்னி தனிக் கவனத்தோடு உருவாக்கியிருந்தார். பல காலங்களைச் சேர்ந்த புதைபடிவங்களைச் சிமெண்டில் பதித்துச் செய்த கல் அது. வாழ்நாள் முழுவதும் கல்லிலிருந்து படிவங்களை வெளியே கொண்டுவந்தவர், கடைசியில் அவற்றுக்குப் புதிதாக ஒரு கல்லைச் சுற்றிக் கட்டினார்.

அடுத்த வாரமே, ஏப்ரல் 10ஆம் நாள், மாரடைப்பால் காலமானார். வயது 57. மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடக்கவிருந்த அனைத்துலகத் தாவரவியல் மாநாட்டில் அவருக்குச் சிறப்புத் தலைவர் பொறுப்பு காத்திருந்தது. அவருடைய நினைவிடம் அந்த நிலைய வளாகத்திலேயே இருக்கிறது.

எழும்பாத கட்டடம், கையில் இருந்த படிவங்கள், தொடங்கிய ஆய்வுகள் எல்லாம் அப்படியே நின்றன. மனைவி சாவித்திரி சாஹ்னி பொறுப்பை ஏற்றார். அவர் அறிவியல் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அறிந்தவர். 1953 ஜனவரியில் நேருவே வந்து கட்டடத்தைத் திறந்து வைத்தார். சாஹ்னியின் பெயரைத் தாங்கிய அந்த நிலையம் இன்றும் இயங்குகிறது.

மாணவ நண்பர்களே, ஈப்போ பக்கம் குன்றுகளுக்கோ பகாங்கின் ஆற்றோரங்களுக்கோ போகும்போது கல்லில் ஏதேனும் வடிவம் கண்ணில் பட்டால் உடனே உடைக்காதீர்கள். படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தையோ பேனாவையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். இடத்தைக் குறித்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கோ கனிம, புவி அறிவியல் துறைக்கோ தெரிவியுங்கள். இலக்னோவின் அடிக்கல்லில் பதிந்திருக்கும் படிவங்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்தோ ஒருவர் பத்திரமாக எடுத்து வந்து கொடுத்தவைதாம்.